‘ரெண்டும் இருக்கு’ என்று வாங்கிய கார்

சிங்கப்பூர் ஈசூனில் வீடு, துவாஸில் வேலை, வாரத்தில் மூன்று நாள் அம்மாவுக்கு டயாலிசிஸ். 2023 நடுவில் இதுதான் என் நிலைமை. டயாலிசிஸ் முடிந்து எழுந்தால் அம்மாவுக்குக் கால் துவண்டுவிடும், பேருந்தெல்லாம் சரிப்படாது. மழை நாளில் வாடகைக் காருக்குச் செயலியைத் திறந்தால், கட்டணத்தை எட்டிப் பார்த்துவிட்டு "வேணாம் பாப்பா, கொஞ்ச நேரம் உட்காந்துட்டுப் போலாம்" என்பார். அந்தக் "கொஞ்ச நேரம்" ஒரு நாள் ஒன்றேமுக்கால் மணி நேரமாக நீண்டது. அன்று இரவே கார் வாங்குவதென்று முடிவு செய்தேன். நம் ஊரில் கார் வாங்குவது எவ்வளவு பெரிய செலவு என்று எல்லாருக்கும் தெரியும். நான் அதை ஒரே வாரத்தில், யாரிடமும் கேட்காமல் முடித்தேன்.

புதுக் கார் என் சக்திக்கு எட்டாது. இங்கே கார் வைத்திருக்க சிஓஇ என்ற பத்து வருட உரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுக்கவேண்டும். அந்த வருடம் அக்டோபரில் சின்ன கார்களுக்கான ஏ பிரிவு சிஓஇ மட்டும் 106,000 வெள்ளிக்கே (சிங்கப்பூர் டாலர்) போனது, நான் வாங்கிய ஜூலையிலும் நிலைமை அப்படி ஒன்றும் மலிவில்லை. அதனால் பழைய கார்தான் என்று தெரியும். என் மனதில் இருந்த ஒரே கேள்வி, மின்சாரமா பெட்ரோலா என்பது. மின்சாரக் கார் ஆசை இருந்தது, பயமும் இருந்தது. தங்கை மலேசியாவில், கிள்ளானில் இருக்கிறாள். தீபாவளிக்கும் பள்ளி விடுமுறைக்கும் அம்மாவை அழைத்துக்கொண்டு 350 கிலோமீட்டர் போகவேண்டும், டயாலிசிஸ் நாளுக்குள் திரும்பவும் வேண்டும். நடுவழியில் பேட்டரி தீர்ந்து நெடுஞ்சாலை ஓரம் அம்மாவோடு நிற்பதாக ஒரு காட்சி கண்ணுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. பழைய கார் விற்பவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். "அக்கா, டென்ஷனே வேணாம். இதுல ரெண்டும் இருக்கு. ஊருக்குள்ள கரண்டு, மலேசியா போனா பெட்ரோல். மின்சாரக் காருன்னா வருசத்துக்கு 700 வெள்ளி சாலை வரியில எக்ஸ்ட்ரா. இதுக்கு அதுவும் இல்ல." 2018-இல் பதிவான பிளக்-இன் ஹைபிரிட், அதாவது பெட்ரோல் எஞ்சினோடு, பிளக்கில் மாட்டிச் சார்ஜ் செய்யும் சின்ன பேட்டரியும் உள்ள கார். சிஓஇ ஐந்து வருடம் மிச்சம். விலை 68,000 வெள்ளி.

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அந்த 700 வெள்ளி உண்மை. பெட்ரோல் போடாத கார் பெட்ரோல் வரியும் கட்டாதே, அதை ஈடுகட்ட முழு மின்சாரக் கார்களுக்கு மட்டும் வைத்த தொகை அது. 2030 பற்றி மட்டும் கொஞ்சம் மிரட்டினார், "அதுக்கப்புறம் பெட்ரோல் காரே கிடையாது" என்று. அது அரைகுறை. 2030 முதல் புதிதாகப் பதிவாகும் கார்கள் தூய்மையான எரிசக்தி வகையாக இருக்கவேண்டும் என்பதுதான் விதி, அந்த வகையில் ஹைபிரிட்டும் சேர்த்தி. ஏற்கெனவே ஓடுகிற காரை யாரும் பிடுங்கப் போவதில்லை. இப்படி வருடத்தைச் சொல்லி அவசரப்படுத்தினால் அன்றைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

காரின் பேட்டரி ஏறக்குறைய 9 கிலோவாட்மணி. விளம்பரத்தில் ஒரு சார்ஜுக்கு 50 கிலோமீட்டர் என்று இருந்தது. ஐந்து வயது பேட்டரி, நம் ஊர் வெயில், ஏர்கான் நிற்காமல் ஓடவேண்டும். எனக்குக் கிடைத்தது 31, நல்ல நாளில் 33. காலையில் ஈசூனிலிருந்து கிளம்பினால் துவாஸ் போய்ச் சேர்வதற்குள் தீர்ந்துவிடும். திரும்பி வருவது முழுக்கப் பெட்ரோல். அலுவலகத்தில் சார்ஜர் இல்லை. ஆக, அந்தக் காரிலிருந்து ஏதாவது பயன் கிடைக்கவேண்டுமென்றால் நான் தினமும் இரவு வீட்டுக் கீழே சார்ஜ் செய்தாகவேண்டும். இந்த "தினமும்" என்ற ஒரு சொல்லை நான் வாங்கும்போது யோசிக்கவே இல்லை.

எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) கார்நிறுத்துமிடத்தில் சார்ஜர் மூன்று. பல இடங்களிலும் இப்படித்தான், மூன்றில் ஆரம்பித்திருக்கிறார்கள். நான் வேலை முடிந்து அம்மாவை அழைத்துக்கொண்டு வீடு சேர ஏழரை எட்டு ஆகிவிடும். அந்நேரம் மூன்றும் நிரம்பியிருக்கும். பத்து மணிக்கு ஒருமுறை சன்னலிலிருந்து எட்டிப் பார்ப்பேன், பத்தரைக்கு இன்னொருமுறை. காலியானால் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடுவேன். இணைத்துவிட்டு மேலே வந்தால் நிம்மதியாகத் தூங்கவும் முடியாது. என் காருக்கு நிரம்ப இரண்டேகால் மணி நேரம்தான். நிரம்பிய பிறகு அங்கேயே விட்டுவைத்தால், அவகாசம் முடிந்ததும் நிமிடக் கணக்கில் தாமதக் கட்டணம் ஏறும். நள்ளிரவு ஒரு மணிக்கு நைட்டிக்கு மேல் சட்டையைப் போட்டுக்கொண்டு காரை நகர்த்தப் போன இரவுகளை நான் எண்ணவில்லை. எண்ணியிருந்தால் இன்னும் முன்னாலேயே விற்றிருப்பேன்.

சார்ஜரில் 7.4 கிலோவாட் என்று எழுதியிருந்தும் என் கார் 3.3-க்கு மேல் இழுக்காது. சுவரில் உள்ள எண் எதுவாக இருந்தாலும், காருக்குள் இருக்கும் ஆன்போர்டு சார்ஜர் எவ்வளவு வாங்குமோ அவ்வளவுதான். வணிக வளாகங்களில் இருக்கும் வேகச் சார்ஜரில் போட்டுவிடலாமே என்று நினைத்தேன். அந்தத் துளையே என் காரில் இல்லை. பெரும்பாலான பிளக்-இன் ஹைபிரிட்களில் இருக்காது. இந்த இரண்டையும் வாங்குவதற்கு முன்னால் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கேட்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

ஒரு காலை கண்ணாடித் துடைப்பானில் ஒரு தாள் செருகியிருந்தது. ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். "உங்களுக்குப் பெட்ரோல் இருக்கிறது, எங்களுக்கு இது ஒன்றுதான்" என்ற பொருளில், மரியாதையாகத்தான். முதலில் கோபம் வந்தது, நானும் காசு கொடுத்துத்தானே சார்ஜ் போடுகிறேன் என்று. மத்தியானத்துக்குள் கோபம் போய் வெட்கம் வந்தது. எழுதியவர் சொன்னதில் தப்பில்லை. வாரம் முழுக்க ஓடவேண்டிய ஒருவரின் இடத்தை 33 கிலோமீட்டருக்காக நான் பிடித்து வைத்திருந்தேன்.

அன்று இரவுதான் முதல்முறையாகக் கணக்குப் போட்டேன். அதற்குள் ஐந்து மாதம் ஓடிவிட்டது. காலிப் பேட்டரி நிரம்ப சுமார் 7.5 கிலோவாட்மணி பிடிக்கும். எங்கள் சார்ஜரில் ஒரு கிலோவாட்மணி 60 காசை ஒட்டி. அப்படியானால் 4 வெள்ளி 50 காசு, அதற்கு 33 கிலோமீட்டர். அதே 33 கிலோமீட்டரைப் பெட்ரோலில் ஓட்டினால், இது ஹைபிரிட் என்பதால் நூறு கிலோமீட்டருக்கு ஐந்து லிட்டர்தான் குடிக்கும், ஒன்றேமுக்கால் லிட்டருக்கும் குறைவு. கடன் அட்டைத் தள்ளுபடி போக 3 வெள்ளி 90 காசு. இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். தூக்கம் கெட்டு, நைட்டியோடு ஓடி, அக்கம்பக்கத்தாரிடம் பேச்சு வாங்கி, ஒவ்வொரு சார்ஜுக்கும் 60 காசு நட்டம். சிரிப்புத்தான் வந்தது. அம்மா உள்ளறையிலிருந்து "என்ன பாப்பா தனியா சிரிக்கிற?" என்று கேட்டார்.

இதே காரைத் தரைவீட்டில், அதாவது சொந்தப் போர்ச் உள்ள தனிவீட்டில், வைத்திருப்பவர் வீட்டு மின்கட்டணத்தில், அதாவது 30 காசைச் சுற்றி, இரண்டேகால் வெள்ளிக்கு நிரப்பிவிடுவார். படுக்கும்போது மாட்டிவிட்டுக் காலையில் கழற்றினால் போதும். அவருக்கு அந்தக் கார் தங்கம். காரில் குறை இல்லை, எனக்குத்தான் பொருந்தவில்லை. பேட்டரி சின்னது என்றால் சார்ஜரின் தேவையும் குறைவு என்று நான் நினைத்திருந்தேன். நடந்தது தலைகீழ். சின்ன பேட்டரிக்குத்தான் தினமும் தீனி போடவேண்டும். 300, 350 கிலோமீட்டர் ஓடும் முழு மின்சாரக் கார் வாரத்தில் ஒரு இரவு, மிஞ்சினால் இரண்டு இரவு சார்ஜரைப் பிடித்தால் போதும். மூன்று சார்ஜரை ஒரு புளோக்கே பங்குபோடும் இடத்தில் வாரம் ஒருமுறை இடம் கிடைக்கும், தினமும் கிடைக்காது.

அந்த இரவுக்குப் பிறகு சார்ஜ் போடுவதையே விட்டுவிட்டேன். பேட்டரியின் எடையையும் சேர்த்துச் சுமந்துகொண்டு ஓடும் ஒரு சாதாரண ஹைபிரிட்டாக அது ஆனது. 2023 டிசம்பரில் கிள்ளான் பயணம் வந்தது. இதற்காகத்தானே வாங்கினோம் என்று பெருமையாகக் கிளம்பினேன். எல்லையில் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் அதிகாரி பெட்ரோல் முள்ளைப் பார்த்தார். பாதிக்குச் சற்று மேல் இருந்தது. சிங்கப்பூர்க் கார் எல்லை தாண்டும்போது டேங்கில் முக்கால் பங்காவது பெட்ரோல் இருக்கவேண்டும் என்ற விதி எனக்குத் தெரியாததல்ல. ஆனால் "இது மின்சாரக் கார்தானே" என்று எங்கோ ஒரு மூலையில் நினைத்திருக்கிறேன் போல. பெட்ரோல் டேங்க் இருந்தால் விதியும் உண்டு, பிளக் இருந்தாலும் சரி. முழு மின்சாரக் காருக்குத்தான் அந்தத் தொல்லை இல்லை. அபராதம் 500 வெள்ளி வரை போகக்கூடும். அவர் எச்சரித்துத் திருப்பி அனுப்பினார். விடுமுறை நெரிசலில் திரும்பி வந்து, இங்குள்ள விலைக்கு நிரப்பிவிட்டு, மறுபடி வரிசையில் நின்றோம். இரண்டரை மணி நேரம் போனது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்து என் கையில் கொடுத்தார். அக்கரை மலேசியா போய் மலிவாகப் போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் இதையும் நினைவில் வையுங்கள்: வெளிநாட்டுப் பதிவு எண் உள்ள காருக்கு அங்கே மலிவான ரான்95 பெட்ரோல் விற்கக்கூடாது, விலை கூடிய ரான்97-தான்.

2024 செப்டம்பரில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. பட்டறையில் கணினியை மாட்டிப் பார்க்க 180 வெள்ளி. ஆன்போர்டு சார்ஜர் போய்விட்டது என்றார்கள். நான் பிளக்கைத் தொட்டே மாதக்கணக்காகிறது, எப்போது போனதென்று கடவுளுக்குத்தான் தெரியும். மாற்ற 2,400 வெள்ளி. விற்றவர் கொடுத்த ஆறு மாத உத்தரவாதம் எப்போதோ முடிந்துவிட்டது. எடுத்துப் படித்தால் அதில் இருந்தது எஞ்சினும் கியர்பாக்ஸும் மட்டும். குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டமும் உதவவில்லை. வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால்தான், அது ஆரம்பத்திலிருந்தே இருந்ததாக எடுத்துக்கொள்வார்கள். எனக்குப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. பழைய ஹைபிரிட்டோ மின்சாரக் காரோ வாங்குபவர்கள் உத்தரவாதத் தாளில் உயரழுத்த பேட்டரி, இன்வெர்ட்டர், ஆன்போர்டு சார்ஜர் மூன்றும் பெயர் சொல்லி இருக்கிறதா என்று பாருங்கள். "எல்லாம் கவர் ஆகும் அக்கா" என்பது தாளில் இருந்தால்தான் செல்லும். அதேபோல, வாங்குமுன் செய்யும் வழக்கமான சோதனையில் பிரேக், எஞ்சின், விபத்து அடையாளம் எல்லாம் பார்ப்பார்கள். பேட்டரியின் மிச்ச ஆயுள் தானாக அதில் வராது. தனியாகக் கேட்டு, சதவீதத்தை எழுதி வாங்கவேண்டும். நான் கேட்கவில்லை. காரின் பதிவு எண் நன்றாக இருக்கிறது என்று மட்டும் பார்த்தேன், வெட்கம்தான்.

பழுது பார்க்காமலே ஓட்டியிருக்கலாம். ஆனால் விற்கப் போனால் அதையே காட்டி விலையை அடிப்பார்கள் என்று பழுது பார்த்தேன். பார்த்தும் அடித்தார்கள். 2025 மார்ச்சில், சரியாக இருபதாவது மாதம், விற்கப் போனபோது நான்கு பேரிடம் விலை கேட்டேன். என் கணக்குப்படி தேய்மானம் கழித்து 47,000 கிடைக்கவேண்டும். கிடைத்தது 41,000. ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார், வீவகவில் இருப்பவர் சார்ஜ் போட முடியாதென்று வாங்கமாட்டார், தரைவீட்டில் இருப்பவர் ஏழு வயது காரை வாங்கமாட்டார் என்று. எனக்குப் பொருந்தாத அதே காரணம் அடுத்தவருக்கும் பொருந்தாதுதானே.

கடன் இன்னொரு பாடம். 47,600 வெள்ளிக் கடன், ஐந்து வருடம், மொத்த வட்டி ஏறக்குறைய 6,600. இருபது மாதம் கட்டியாயிற்று, அதாவது மூன்றில் ஒரு பங்கு காலம், அப்படியானால் வட்டியிலும் மூன்றில் ஒரு பங்குதானே போயிருக்கும் என்று நினைத்தேன். கார்க் கடனில் ‘ரூல் ஆஃப் 78’ என்று ஒன்று இருக்கிறது, வட்டியின் பெரும்பங்கை முன்மாதங்களிலேயே எடுத்துக்கொள்வார்கள். இருபது மாதத்தில் 3,600-க்கு மேல் வட்டியாகவே போயிருந்தது. திரும்பக் கிடைக்கவேண்டிய வட்டிக் கழிவிலும் முன்கூட்டி முடித்ததற்காக 20 விழுக்காடு பிடித்தார்கள், 590 வெள்ளி சொச்சம். எல்லாம் கூட்டினால், ஓட்டியதற்கான நியாயமான தேய்மானம் போக, 10,500 வெள்ளி தண்டம். வருடத்தில் நாலைந்து நாள் மலேசியப் பயணத்தை நினைத்து மற்ற 360 நாளுக்கான காரைத் தேர்ந்தெடுத்ததற்கு நான் கட்டிய விலை.

அடுத்த காருக்கு மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். பக்கத்து புளோக்கில் தனியார் வாடகைக் கார் ஓட்டும் ஒரு அண்ணன் இருக்கிறார், மின்சாரக் கார்தான். கோப்பிக்கடையில் அவரைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டேன். "காரைப் பாக்கிறதுக்கு முந்தி சார்ஜரைப் பாரும்மா" என்றார். அதன்படி ஒரு வாரம் இரவு ஒன்பது, பதினொன்று, காலை ஆறு என்று கீழே போய்ப் பார்த்து நோட்டில் எழுதினேன். செவ்வாய், புதன் இரவு பதினொன்றுக்கு மேல் ஏதாவது ஒன்று காலியாகவே இருந்தது. ஞாயிறு இரவு வாய்ப்பே இல்லை. பத்து நிமிட நடையில் இன்னொரு கார்நிறுத்துமிடத்தில் நான்கு சார்ஜர் சும்மா கிடந்தன. இந்த நோட்டைப் பார்த்த பிறகுதான் 2022-இல் பதிவான முழு மின்சாரக் கார் ஒன்றை 88,000 வெள்ளிக்கு எடுத்தேன். பேட்டரி ஆரோக்கியம் 93 விழுக்காடு என்று எழுத்தில் வாங்கினேன், தயாரிப்பாளர் தரும் எட்டு வருட பேட்டரி உத்தரவாதம் எனக்கு மாறுகிறதா என்று முகவரிடமே போய்க் கேட்டேன்.

மின்சாரக் காரால் காசு கொட்டுகிறது என்று நினைக்கவேண்டாம். வருடம் 18,000 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். பொதுச் சார்ஜரில் 1,700 வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவாக வருகிறது, அதோடு அந்த 700. பழைய கார் பெட்ரோலில் மட்டும் ஓடியிருந்தால் 2,150 ஆகியிருக்கும். பார்த்தீர்களா, 200 வெள்ளிக்கு மேல் எனக்குத்தான் கூடுதல். காப்புறுதியும் 300 வெள்ளி ஏறியது. லாபம் வந்தது வேறு இடத்தில். எண்ணெய் மாற்றும் சர்வீஸ் இல்லை, நான் தேடிய நாளில் பழைய மின்சாரக் கார்களின் வருடத் தேய்மானம் அதே வயது ஹைபிரிட்டைவிட ஆயிரத்துச் சொச்சம் குறைவாகவும் இருந்தது. சார்ஜர் பக்கத்தில் இல்லாதவர், கிடைக்கும் என்ற நம்பிக்கையும் இல்லாதவர், பிளக் இல்லாத சாதாரண ஹைபிரிட் வாங்கினால் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அவர் கணக்குச் சரிதான்.

பயந்த கிள்ளான் பயணத்தை 2025 தீபாவளிக்குப் போனோம். டேங்க் சோதனை இல்லை. வெளிநாட்டுக் கார் மலேசியாவுக்குள் நுழையத் தேவையான விஇபி அனுமதியை மட்டும் முன்னமே எடுத்து வைத்திருந்தேன், அந்த ஜூலையிலிருந்து அது இல்லாவிட்டால் 300 ரிங்கிட் அபராதம். வழியில் வேகச் சார்ஜர் இருந்த இடத்தில் எனக்கு முன்னால் மூன்று கார். சார்ஜ் ஏறியது 35 நிமிடம், காத்திருந்தது ஒரு மணி பத்து நிமிடம். அங்குள்ள சார்ஜர் செயலிகளை இங்கிருக்கும்போதே இறக்கி, கடன் அட்டையைச் சேர்த்துச் சோதித்துவிடுங்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற தம்பி ஒருவர் வெயிலில் கடவுச்சொல் குறுஞ்செய்திக்காகக் கையைத் தூக்கிக்கொண்டு நடந்தார், பாவம். அம்மா நிழலில் உட்கார்ந்து முறுக்கைத் தின்றுகொண்டே அந்தக் குடும்பத்தின் பூர்வீகம் மொத்தத்தையும் விசாரித்துவிட்டார். அவர்களும் கிள்ளான்தானாம்.

போன மாதம் அலுவலகத் தோழி ஒருத்தி, செம்பவாங்கில் தரைவீடு, பிளக்-இன் ஹைபிரிட் பார்த்திருப்பதாகச் சொல்லி என்னிடம் கேட்டாள். நான் வேண்டாம் என்பேன் என்று எதிர்பார்த்திருக்கிறாள். வேலைக்குப் போக வர எத்தனை கிலோமீட்டர், போர்ச்சில் சார்ஜர் பொருத்த எவ்வளவு கேட்டார்கள் என்று மட்டும் கேட்டேன். இருபத்தாறு கிலோமீட்டர், விலை இன்னும் விசாரிக்கவில்லை என்றாள். விசாரித்துவிட்டு வாங்கு என்றேன். சனிக்கிழமை மின்வேலைக்காரர் வருகிறாராம்.